அட்டைக்குள் இருந்த நீலத்தாள்

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் கையில் எடுப்பது சாக்கட்டியைத்தான். திருவனந்தபுரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல்கள் சிலர் சேர்ந்து நடத்திய நூலகம் அது. வாசலுக்கு நேரே ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். போன வாரம் தபாலில் வந்த சட்டப் பத்திரிகைகளில் என்னென்ன தீர்ப்பு வந்திருக்கிறது, கெஜட்டில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு மாறியிருக்கிறது என்று அதில் எழுதிப்போட வேண்டும். வக்கீல்கள் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு கோர்ட்டுக்கு ஓடுவார்கள். அவர்களுக்கு அதுதான் அந்த வாரத்துச் செய்தி.

எனக்கு முன்னால் இருந்தவர் பத்திரிகையின் பெயர், பக்க எண், பிரிவு எண் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வாராம். எனக்கு அது போதவில்லை. வழக்கு எதைப் பற்றி என்று பக்கத்தில் நாலு வார்த்தை சேர்ப்பேன். 'அடுத்த வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்த தென்னை.' 'மருமகன் பெயருக்கு எழுதிய நிலம்.' 'கண்டக்டர் கொடுக்காத டிக்கெட்.' வயதான வக்கீல் ஒருவர் பலகை முன்னால் நின்று, "இது லா லைப்ரரியா, தொடர்கதைப் பத்திரிகையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். மறுவாரம் அவரே என் மேஜைக்கு வந்து, "அந்தத் தென்னை எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். பக்க எண் யாருக்கு ஞாபகம் இருக்கும்? தென்னை மரம் ஞாபகம் இருக்கும்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. பி.ஏ. முடித்து, நூலகப் பயிற்சி பெற்று, எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வலியசாலை வீட்டிலிருந்து நடந்தே வருவேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். "அடுத்தாத்து வாசல்ல தபால்காரன் நின்னா, என்ன கடுதாசின்னு தெரியாம இவளுக்கு சாதம் எறங்காது" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அப்படிப்பட்டவளை ஆயிரக்கணக்கான வழக்குகளுக்கு நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தால் என்ன ஆகும்? மத்தியான வேளைகளில் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டே இருப்பேன்.

அவற்றில் எனக்கு ஒரே ஒரு கோபம் உண்டு. ஒரு குடும்பத்தின் சண்டையை, சொத்தை, கல்யாணத்தை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் பத்துப் பக்கம் விவரித்துவிட்டு, கடைசியில் 'வழக்கு மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். திருப்பி அனுப்பிய பிறகு என்ன ஆயிற்று? அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைத்ததா, இல்லையா? எந்தப் புத்தகத்திலும் இருக்காது. வக்கீல்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சட்டம் முடிந்துவிட்டது, இனி என்ன என்பார்கள்.

எங்கள் வேலையில் இன்னொன்றும் உண்டு. பழைய தீர்ப்பு ஒன்றைப் புதிய தீர்ப்பு ஏற்றுக்கொண்டால், பழைய தீர்ப்பின் ஓரத்தில் 'பின்பற்றப்பட்டது' என்று எழுதி, எந்தப் பக்கத்தில் என்று குறித்துவைக்க வேண்டும். ஏற்காமல் தள்ளிவிட்டால் 'தள்ளப்பட்டது'. இல்லாவிட்டால் செத்துப்போன தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போய் வக்கீல் நீதிபதி முன்னால் அசடு வழிய நேரும். இதைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், நான் மட்டும்தான் எழுத வேண்டும் என்பது என் சட்டம். புத்தகத்தில் கோடு போட்ட சீனியர் ஒருவரின் கையிலிருந்து பேனாவையே பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இவ்வளவு கறாராக இருந்த நான்தான் அந்தத் தப்பையும் செய்தேன்.

வாரப் பத்திரிகையின் முன்னும் பின்னும் நீல நிறத்தில் நாலைந்து தாள்கள் வரும். ஹைகோர்ட்டில் அப்போதுதான் சொன்ன தீர்ப்புகளின் சுருக்கம் அதில் இருக்கும். வழக்கு எண், தேதி, விஷயம் ஐந்தாறு வரியில். கட்சிக்காரர்களின் பெயர்கூட இருக்காது. முழுத் தீர்ப்பு பின்னால் வெள்ளைத் தாளில் அச்சாகிவிடும் என்பது எல்லோருடைய நினைப்பு. வருஷ முடிவில் இதழ்களையெல்லாம் சேர்த்து பைண்டு செய்யக் கொடுப்போம். நீலத் தாள்களுக்குத் தனிப் பக்க எண் என்பதால், நடுநடுவே அவை வந்து வெள்ளைத் தாளின் வரிசையைக் கெடுக்கும். எனக்கு அது பொறுக்காது. நீலத்தையெல்லாம் கழற்றிவிட்டு பைண்டு செய்யுங்கள் என்று பைண்டரிடம் சொல்லிவிட்டேன். சிவப்புக் காலிகோ துணி, தங்க எழுத்து, எல்லாம் ஒரே உயரம். அலமாரியில் அந்த வரிசையைப் பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஓர் இளம் வக்கீல் வேகமாக உள்ளே வந்தார். வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். என்னோடு பேசும்போது இரண்டும் கலந்து வரும்.

"சேச்சி, மழையில விழுந்த குடிசை வேணும். வேகம்."

"எந்தக் குடிசை?"

"நீங்கதானே போர்டுல எழுதிப் போட்டீங்க! நான் அப்போ லா படிச்சிட்டிருந்தேன். சாயங்காலம் இங்கதானே இருப்பேன். போர்டைப் பாத்துட்டு எடுத்து வாசிச்சேன். நீலப் பேஜ், எடது பக்கம், ஏற்றவும் அடியில."

கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தாள் எதிரில் இருப்பதுபோல விரலால் பக்கத்தின் அடிக்கோடியைக் காட்டினார். பக்க எண் தெரியாது, வருஷம் தெரியும்.

விஷயம் இதுதான். பிறருடைய நிலத்தில் குடிசை போட்டு இருப்பவர்களைக் காப்பாற்ற அப்போது கேரளத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. குடிகிடப்பு என்பார்கள். ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்தால் அவர்களை யாரும் எழுப்ப முடியாது. குடிசை நிற்கும் சில சென்ட் நிலத்தையும் அவர்களே வாங்கிக்கொள்ளலாம். இந்த வக்கீலின் கட்சிக்காரி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் ஒரு சித்தாள். கணவன் இறந்துவிட்டான். ஒரு மகளோடு, ஒரு தென்னந்தோப்பின் மூலையில் பல வருஷமாக இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாத இடவப்பாதி மழையில் மண்சுவர் கரைந்து குடிசை விழுந்தது. திரும்பக் கட்டிக்கொண்டாள். அது போதும் தோப்புக்காரருக்கு. பழைய குடிசை போய்விட்டது, இது நேற்றுக் கட்டியது, அந்த நாளுக்கு முன்பு இது இருக்கவில்லை, அதனால் காலி செய்ய வேண்டும் என்றார். இந்த வழக்குகளை விசாரிக்கும் டிரிப்யூனல் அதிகாரி வக்கீலைப் பார்த்து, "விழுந்ததை மறுபடி கட்டினால் உரிமை தொடரும் என்று எங்கே இருக்கிறது? காட்டுங்கள்" என்று கேட்டு, பதினைந்து நாள் தவணை கொடுத்திருந்தார். காட்டாவிட்டால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான்.

அட்டவணைக் கார்டுகளைப் புரட்டினேன். இல்லை. அந்த வருஷத்து வெள்ளைத் தாள்களைப் பொருளடக்கத்திலிருந்து தேடினேன். இல்லை. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், வருஷாந்தரத் தொகுப்பு, எதிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தீர்ப்பு முழுசாக அச்சாகவே இல்லை. நீலத் தாளோடு நின்றுபோயிருக்கிறது.

"நீலப் பேஜ் எங்க சேச்சி?" என்றார் அவர்.

"நான்தான் கழற்றச் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் அட்டவணைக் கார்டுகளை அடுக்கி உள்ளே தள்ளினார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எண்ணும் தேதியும் தெரிந்தால் போதும், எர்ணாகுளத்தில் ஹைகோர்ட்டுக்கே போய் முழுத் தீர்ப்பின் நகலை வாங்கிவிடலாம் என்றார். அது தெரியாமல் அங்கே போனால் யாரிடம் என்ன கேட்பது? பத்திரிகைக்காரர்களுக்கு டிரங்க் கால் போட்டோம். பழைய இதழ் கைவசம் இல்லை என்றார்கள். ஊரில் இந்தப் பத்திரிகை வாங்கும் இன்னும் இரண்டு இடங்களில் விசாரித்தோம். அங்கேயும் என்னைப்போலவே அழகு பார்க்கிறவர்கள்தான் இருந்திருக்கிறார்கள். நீலத்தைக் காணோம்.

கட்சிக்காரர்கள் நூலகத்துக்குள் வரக்கூடாது. அவள் வராந்தாவில் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். கையில் சிமெண்ட் தின்ற தழும்புகள். நான் போய் எதிரில் நின்றேன். திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊர், எப்போது வந்தாள், குடிசை எப்போது போட்டது என்று என் வழக்கப்படி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள்.

"விழுந்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வேலைக்குப் போயிருந்தேன் தாயி. திரும்பி வந்து பாக்கேன், கூரை தரையில கெடக்கு. அடுப்பு மட்டும் அப்படியே இருக்கு. மூணு கல்லு. எம் புருசன் போட்ட கல்லு. அதை அசைக்கப்படாதுன்னு சொல்லிட்டேன். அதைச் சுத்தித்தான் திரும்பவும் செவரு எழுப்புனோம்."

"இடம் மாறலையே?"

"அடுப்பு மாறலம்மா. பொறவு வீடு எப்படி மாறும்?" என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "வக்கீலு ஏதோ ஒரு தாளுன்னு சொல்லுதாரு. அது இங்கதான் இருக்காம்லா?" என்று கேட்டாள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஓர் ஆள் தலைக்கு மேல் இருக்கும் கூரையை, வரிசை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு சந்துக்குள் பைண்டரின் கடை. நாகர்கோவில் பக்கத்துக்காரர். சம்மணமிட்டு ஒரு பேரேட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கழற்றிய நீலத் தாள்களை என்ன செய்தார் என்று கேட்டேன். பொட்டலம் கட்டப் போயிருக்கும், அடுப்பில் போயிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"நான் ஒரு தாளையும் தூர எறியதில்ல சாரே" என்றார் அவர், ரோஷத்தோடு. வேலையில் இருக்கும் பெண்களும் அந்த ஊரில் 'சார்'தான். "நல்ல கெட்டித் தாளுல்லா? அட்டைக்கு உள்ள ஒட்டிருவேன். வெளிய துணி இழுக்கும், உள்ள தாளு இழுக்கும். அப்பந்தான் அட்டை வளையாது. அதுக்கு மேல வெள்ளைத் தாளை ஒட்டிட்டா யாருக்குத் தெரியும்?"

"எந்தப் புஸ்தகத்து அட்டையில?"

"அப்பம் நீங்க தந்த அடுத்த கட்டு ஏது? பழைய திருவிதாங்கூர் ரிப்போர்ட்டு, ராஜா காலத்தது. அதுலதான் போயிருக்கும். கொஞ்சம் ஒரு பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர்லயும் போயிருக்கலாம்."

அந்தக் கட்டு எனக்கு ஞாபகம் இருந்தது. முப்பத்தெட்டு புத்தகம். என் நாற்காலிக்கு நேர் பின்னால்தான் இருக்கின்றன. மூன்று வருஷமாக நான் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்ததே அந்தத் தாள்களின் மேல்தான்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, கோர்ட் விடுமுறை. புத்தக அட்டைகளைப் பிரிக்கக் கமிட்டியிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கமிட்டி கூடும், காபி குடிக்கும், ஒரு துணைக் கமிட்டி போடும். அதற்குள் குடிசை போய்விடும். கேட்காமலே பூட்டைத் திறந்தேன். பைண்டர் பசைச் சட்டியோடு வந்தார். வக்கீலும் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கத்தி கூடவே கூடாது என்பது பைண்டரின் கட்டளை. அட்டையின் உள்பக்கத்தில் ஈரத்துணியை விரித்து, அரைமணி நேரம் காத்திருந்து, மேலே இருக்கும் வெள்ளைத் தாளை ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். மைதாவும் பூச்சி அரிக்காமல் இருக்கப் போட்ட மயில்துத்தமும் கலந்த பசை, வழுவழுவென்று கையில் ஒட்டியது. அதற்குக் கீழே நீலம் தெரிந்தபோது மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்தோம்.

ஆனால் அட்டையின் அளவுக்கு அவர் தாள்களை வெட்டியிருந்தார். ஒன்றில் பாதி வழக்கு, இன்னொன்றில் கால் வழக்கு. 'ஆற்றைக் கடக்கும்போது படகில் இருந்த மூவரில்' என்று தொடங்கி ஒன்று அறுந்துபோயிருந்தது. மூவரில் யார்? என்ன ஆயிற்று? அடுத்த அட்டையில் மீதி இருக்குமோ என்று நான் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"சாரே, வாசிக்கியளா, பிரிக்கியளா?" என்று பைண்டர் அதட்டினார்.

"சேச்சி, நமக்கு ஒரு குடிசை போதும்" என்றார் வக்கீல்.

சனிக்கிழமை இருபது புத்தகம் முடிந்தது. கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா மோந்துபார்த்துவிட்டு, "என்னடி இது, கையெல்லாம் மைதா நாத்தம்? லைப்ரரியில பரோட்டா போடறேளா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளெனப் போ" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளிக்கூட ரிஜிஸ்தர் என் மனசை விட்டுப் போகவே இல்லை. அதில் ஒட்டியிருந்தால்? எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூட பைண்டருக்கு ஞாபகம் இல்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில், முப்பத்து நாலாவது புத்தகம். பின் அட்டையில் தலைகீழாக ஒரு முழுத் தாள். மேலே தெரிந்த பக்கத்தில் அந்தக் குடிசை இல்லை. வக்கீல் தாளின் இடது கீழ் மூலையைத் தொட்டு, "மறுபக்கம் பாக்கணும்" என்றார். மறுபக்கம் அட்டையோடு ஒட்டியிருந்தது. பைண்டர் எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மறுபடி ஈரத்துணி, மறுபடி அரைமணி. நகத்தால் தூக்கித் தூக்கி, ஒரு ஓரம் கிழிய, தாளை முழுசாக எடுத்துக் கவிழ்த்துப் போட்டார்.

இடது பக்கம், ஏற்றவும் அடியில், எண்ணும் தேதியும் பளிச்சென்று இருந்தன. மழையில் இடிந்த குடிசையை, அதில் இருந்தவரே அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டால், அது புதுக் குடிசை ஆகாது. உரிமை போகாது. அவ்வளவுதான் விஷயம். படித்ததுமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மழைநாள் திங்கட்கிழமை, நான்தான் அதைப் பலகையில் எழுதினேன். எழுதி, அடுத்த திங்கட்கிழமை துடைத்தேன். வக்கீல் தாளைத் தொடப் பயந்து, எண்ணை ஒரு காகிதத்தில் மூன்று தடவை எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, பைண்டரிடம் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

மறுநாளே அவர் எர்ணாகுளத்துக்கு ரயிலேறினார். அவசர மனு போட்டு, நாலு நாள் அங்கேயே கிடந்து, சர்டிபைடு காபியை வாங்கிக்கொண்டு வந்தார். டிரிப்யூனல் அதிகாரி அதைப் படித்துவிட்டு, அதே இடம்தானா என்று பார்க்க நேரிலேயே போனாராம். மூன்று கல்லும் அடியில் கன்னங்கரேலென்று பல வருஷத்துக் கரியோடு இருந்தனவாம். உத்தரவு வந்தது. குடிசையும் அது நிற்கும் நிலமும் அவளுக்கு.

உத்தரவு வந்த வாரம் வக்கீலோடு அவள் வந்தாள். ஒரு சீப்பு பாளையங்கோடன் பழம் கொண்டுவந்திருந்தாள். கட்சிக்காரர் உள்ளே வரக்கூடாது என்ற விதியை அன்று நானே மீறினேன். சீனியர்கள் உட்காரும் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தாளைக் கழற்றச் சொன்னது நான்தான், உன் வீடு போயிருந்தால் அது என்னால்தான் என்றேன்.

"கழத்துனதும் நீங்க, தேடிப் பிடிச்சதும் நீங்க. விடுங்க தாயி" என்றாள். பிறகு அந்த நீலத் தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடைசி ஐந்து வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது யாரு வீடு?"

எனக்குப் புரியவில்லை.

"மழையில விழுந்துச்சுன்னு இதுல எழுதியிருக்குல்ல, அது யாரு வீடும்மா? எனக்கு முன்னால கோர்ட்டுக்கு வந்தவ. அவளுக்குக் கெடச்சுதா?"

எல்லா வழக்கிலும் பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். இந்த ஒரு வழக்கில் கேட்க மறந்துபோனேன். வக்கீல் பையிலிருந்து நகலை எடுத்தார். அதில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. பொன்முடிக்குப் போகும் வழியில் கல்லாற்றுப் பக்கம், ஒரு பெண். கடைசி வரி என்ன என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.

"நல்லா இருக்காளான்னு கேட்டு ஒரு கடுதாசி போடுங்களேன்" என்றாள் அவள்.

மலையாளத்தில் ஒரு கார்டு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, ஆள் இல்லை என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. என்னால் அதோடு விட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி பஸ்ஸில் ஏறிக் கல்லாற்றில் இறங்கினேன். ஆற்றோரத்துச் சாயாக்கடைக்காரருக்கு அந்தப் பெண்ணை நன்றாகவே தெரிந்திருந்தது. கூடவே வந்து இடத்தைக் காட்டினார். குடிசை இருந்த இடத்தில் மரச்சீனிக் கிழங்குச் செடிகள் நின்றன.

"ஜயிச்ச கடலாஸு எர்ணாகுளத்தீந்நு வந்நப்போள் இவிடெ ஆளில்லா" என்றார். ஜெயித்த காகிதம் வந்தபோது அதை வாங்க இங்கே ஆள் இல்லையாம். கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்களாம். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஊருக்கு வந்தபின் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அவள் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளே வராந்தாவுக்கு வந்து, "பதில் வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். அவள் தலைச்சும்மாடை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ வீடு போன பொறவு, அவ கேசு என் வீட்டைக் காப்பாத்தியிருக்கு" என்றாள். "அம்மா, அந்தத் தாளு ஓரத்துல எழுதி வைங்க. நான் இன்ன எடத்துல இருக்கேன்னு. அவளோ அவ பிள்ளையளோ என்னைக்காவது கேட்டு வந்தா எங்கிட்ட அனுப்புங்க. எடம் கொஞ்சம்தான். ஆனா இருக்கு."

அதற்குள் அந்த நீலத் தாளை, அந்த வருஷத்துப் புத்தகத்தில் அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் பைண்டர் சேர்த்துத் தைத்திருந்தார். அலமாரியிலிருந்து அதை எடுத்து விரித்தேன். வழக்கம்போல் பென்சிலால் 'பின்பற்றப்பட்டது' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். பென்சில் நாளாவட்டத்தில் மங்கிவிடும். அழித்துவிட்டு, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அதையே மறுபடி எழுதினேன். கீழே அவள் பெயரை எழுதினேன், தோப்பு இருக்கும் இடத்தை எழுதினேன், தேடி வருபவர்களை இந்த இடத்துக்கு அனுப்பவும் என்று எழுதினேன். மை காயும்வரை அவளும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.